மறுப்புக் காட்சியிலிருந்து தொடங்குங்கள்: மனவுறுதி மிக்க நாயகியரின் காதல் நாவல்களையும் மிகுபுனைவு நாவல்களையும் வாசிக்கும் முறை

மனவுறுதி மிக்க ஒரு நாயகியை நாவலில் அடையாளம் காண மிகவும் நம்பகமான வழி, அவள் எந்த இடத்தில், யாரிடம், எதற்கு 'மாட்டேன்' என்று சொல்கிறாள் என்று கவனிப்பதாகும். பின்னட்டைக் குறிப்புகள் 'துணிச்சல்காரி', 'யாருக்கும் அடங்காதவள்' என்று எத்தனை அடைமொழிகளையும் சூட்டிவிடும். வாளையும் வாய்த்துடுக்கையும் எந்த எழுத்தாளரும் எளிதில் நாயகிக்குக் கொடுத்துவிட முடியும். தனக்குப் பேரிழப்பு நேரும் என்று தெரிந்தே ஒருத்தி மறுக்கும் காட்சியை வாசகர் நம்பும்படி எழுதுவதுதான் கடினம்; ஆகவே ஒரு நாவலின் தரமும் அந்தக் காட்சியிலேயே வெளிப்படுகிறது. காதல் நாவல்களையும், மாயமும் மந்திரமும் கலந்த மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்களையும், இவ்விரண்டும் கலந்து 'ரொமான்டசி' என்ற பெயரில் இப்போது பெருமளவில் விற்பனையாகும் நாவல்களையும் எப்படி வாசித்தால் அவற்றின் முழுச் சுவையும் கிடைக்கும் என்பதை, அந்த மறுப்புக் காட்சியை மையமாக வைத்து இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாகப் பேசப்படும் நாவல்களின் திருப்பங்களும் சிலவற்றின் முடிவுகளும் இதில் வெளிப்படும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

வகைமை தரும் வாக்குறுதி

காதல் நாவலைக் கையில் எடுப்பவர் அதன் முடிவை ஏற்கெனவே அறிவார்: இருவரும் சேர்வார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் அந்த வகைமையின் இயல்பைப் புரிந்துகொள்ளவில்லை என்றே நான் கருதுகிறேன். முடிவு உறுதியாகிவிட்டதால்தான் வாசகரின் கவனம் 'சேர்வார்களா' என்ற கேள்வியிலிருந்து விடுபட்டு, 'எந்த நிபந்தனைகளின்மேல் சேர்வார்கள்' என்ற கேள்விக்குச் செல்கிறது. தன் விருப்பத்தை விட்டுக்கொடுக்காத நாயகிக்கு இந்த இரண்டாவது கேள்வியே உயிர்நாடி.

அமெரிக்க ஆய்வாளர் பமேலா ரீஜிஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வு நூலில், காதல் நாவலுக்கு இன்றியமையாத எட்டுக் கூறுகளைக் குறிப்பிடுகிறார்: காதலர்கள் வாழும் சமூகத்தின் நிலை, முதற்சந்திப்பு, ஈர்ப்பு, தடை, காதலை வெளியிடுதல், இனிச் சேரவே முடியாது என்று தோன்றும் சாவுக்கு ஒப்பான கட்டம், தடையை நீக்கும் உண்மையை உணர்தல், மண உறுதி. இவை எல்லா நாவல்களிலும் இதே வரிசையில் வருவதில்லை. எனினும் இந்த எட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பவர், தான் கதையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதை எப்போதும் அறிவார். இவற்றுள் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது தடை. அது வறுமை, குலம், சட்டம் போல் வெளியே இருக்கிறதா, அல்லது நாயகியின் மனத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். வெளித்தடை மட்டுமே உள்ள கதையில் நாயகிக்குத் தேவைப்படுவது பொறுமை. உள்தடை உள்ள கதையில்தான் அவளுக்கு முடிவெடுக்கும் வேலை இருக்கிறது.

மிகுபுனைவு நாவல் தரும் வாக்குறுதி வேறு. நம் உலகில் இல்லாத ஓர் ஆற்றல் அங்கே இருக்கும். அதற்கு விதிகள் இருக்கும். அந்த விதிகளை நாவலாசிரியர் விளக்கும்போது, அந்த ஆற்றலைக் கற்க யாருக்கு அனுமதி உண்டு, யாருக்கு இல்லை என்பதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். நாயகியின் போராட்டம் பெரும்பாலும் அந்த எல்லைக்கோட்டில்தான் தொடங்குகிறது. அரண்மனை, கல்விக்கூடம், கோயில் எதுவாக இருந்தாலும் அதன் வாசலில் நின்று 'இது உனக்கில்லை' என்று சொல்பவர் ஒருவர் இருப்பார்.

மூன்று மறுப்புகள்

மறுப்புக் காட்சியை வாசிக்கப் பழகுவதற்கு ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைவிடச் சிறந்த பாடநூல் எனக்குத் தெரியாது. எலிசபெத் பென்னட் அதில் மூன்று முறை மறுக்கிறாள். மூன்றும் ஒன்றுக்கொன்று வேறானவை என்பதை உணர்ந்துவிட்டால் நாவலின் கட்டமைப்பே கண்முன் விரியும்.

முதல் மறுப்பு 19ஆம் அத்தியாயத்தில் வருகிறது. பென்னட் குடும்பத்தின் லாங்போர்ன் பண்ணை ஆண் வாரிசுக்கே போகும் என்ற ஏற்பாட்டினால், தந்தையின் மறைவுக்குப் பின் அது உறவினரான காலின்ஸ் பாதிரியாருக்குச் சேரும். அவரே வந்து எலிசபெத்தைப் பெண் கேட்கிறார். கேட்கும்போதே, அவளுக்கு உரியதெல்லாம் நான்கு சதவீத வட்டியில் கிடக்கும் ஆயிரம் பவுன் (இங்கிலாந்து நாணயம்) மட்டுமே என்பதையும், அதுவும் தாய் இறந்த பிறகே கைக்கு வரும் என்பதையும் பெருந்தன்மையோடு நினைவூட்டுகிறார். அதாவது, ஆண்டுக்கு நாற்பது பவுன் வருமானம்தான் அவளுக்கு எதிர்காலம். வாசகர் பலரும் காலின்ஸின் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு இந்தக் காட்சியைக் கடந்துவிடுகிறார்கள். அந்த நாற்பது பவுனைக் கணக்கில் கொண்டு மறுபடி வாசித்தால், அவள் சொல்லும் 'மாட்டேன்' என்ற சொல்லில் உள்ள ஆபத்து புலப்படும். அவள் மறுத்த அதே மனிதரை அவள் தோழி சார்லட் லூகாஸ், 27 வயதில், கண்களைத் திறந்துகொண்டே ஏற்கிறாள். ஆஸ்டின் சார்லட்டை இழிவுபடுத்தவில்லை. எலிசபெத்தின் மறுப்புக்கு என்ன விலை என்பதைக் காட்டும் அளவுகோலாகவே அவளைக் கதைக்குள் வைத்திருக்கிறார்.

இரண்டாவது மறுப்பு 34ஆம் அத்தியாயத்தில். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் வருமானமுள்ள டார்சி, அவள் குடும்பத்தின் தாழ்வை எடுத்துக்காட்டிக்கொண்டே தன் காதலைத் தெரிவிக்கிறான். அவள் மறுக்கிறாள், இம்முறை அவள் சொல்லும் காரணங்களில் பாதி தவறானவை. இந்த இடத்தில் வாசகர் நிதானிக்க வேண்டும். மனவுறுதி என்பது எப்போதும் சரியாக இருப்பது என்று பொருள்படாது. மறுநாள் டார்சி தரும் கடிதத்தை அவள் முதலில் கோபத்தோடு வாசிக்கிறாள், பிறகு வரி வரியாக வாசிக்கிறாள், பிறகு தன் கணிப்புகளையே சோதிக்கிறாள். அந்த 36ஆம் அத்தியாயத்தில் வெளியே எதுவுமே நடப்பதில்லை. ஒரு பெண் ஒரு கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள், அவ்வளவுதான். ஆயினும் நாவலின் உச்சம் அதுவே என்பது என் கருத்து. தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் வலிமை, பிறரை எதிர்க்கும் வலிமையைவிட அரிது. அந்த வலிமையை நாயகிக்குத் தராத நாவல்களில் மனவுறுதி வெறும் பிடிவாதமாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு 56ஆம் அத்தியாயத்தில், டார்சியின் தாயுடன் பிறந்தவரான லேடி கேத்தரின் நேரில் வந்து, டார்சியை மணக்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கும்படி எலிசபெத்தை மிரட்டும்போது நிகழ்கிறது. அவளுக்கு அப்போது டார்சியிடமிருந்து எந்த உறுதியும் கிடையாது. ஆனாலும் தன் எதிர்காலத்தைப் பற்றி வாக்குக் கொடுக்க அவள் மறுக்கிறாள். மிரட்டிப் பார்த்த அந்த அம்மையார் மூலமாகவே அந்த மறுப்பு டார்சியின் காதுக்கு எட்டுகிறது. அதுவே அவனுக்கு மீண்டும் கேட்கும் துணிவைத் தருகிறது. முதல் இரண்டு மறுப்புகள் கதவை அடைக்கின்றன, மூன்றாவது அதைத் திறக்கிறது. நீங்கள் எந்த நாவலை வாசித்தாலும், நாயகியின் மறுப்புகளை இப்படி வரிசையாக எழுதி வைத்துப் பாருங்கள். அவை ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்தால் அந்த நாவலாசிரியருக்குத் தன் நாயகியைத் தெரியும். ஒரே மறுப்பு பத்து இடங்களில் பத்து ஆடைகளில் திரும்ப வந்தால், அங்கே கதை நகரவில்லை.

விருப்பம் இருந்தும் மறுத்தல்

பிடிக்காதவனை மறுப்பது எளிது. மனம் நாடுகிறவனை மறுப்பதுதான் நாயகியின் உறுதிக்குக் கடும் சோதனை. சார்லட் பிராண்டி 1847இல் கரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட 'ஜேன் அயர்' நாவலின் 27ஆம் அத்தியாயம் இதற்கு உரிய இடம். தான் மணக்கவிருந்த ராச்செஸ்டருக்கு உயிரோடு ஒரு மனைவி இருப்பது மணமேடையில் தெரியவந்த பிறகு, அவன் தன்னோடு வேறு நாட்டுக்கு வந்து வாழும்படி ஜேனிடம் மன்றாடுகிறான். உனக்காகக் கவலைப்பட உறவினர் யாரும் இல்லையே, இதனால் யாருக்கு என்ன தீங்கு என்று அவளுடைய சொந்த மனமே அவளிடம் கேட்கிறது. தன்னைப் பற்றித் தானே கவலைப்படுவேன் என்பதே அவள் அந்தக் கேள்விக்குக் காணும் விடையின் சாரம். பிறகு விடியும் முன்னே, ஏறக்குறைய வெறுங்கையோடு வெளியேறிப் பசியில் சாகும் நிலைவரை செல்கிறாள்.

அதே நாவலில் இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. இந்தியாவுக்குச் சமயப் பணிக்காகப் புறப்படும் செயின்ட் ஜான் ரிவர்ஸ், தன் மனைவியாக உடன் வரும்படி அவளைக் கேட்கிறான். அவன் சொன்னதற்காக அவள் ஏற்கெனவே இந்துஸ்தானி மொழி கற்றுக்கொண்டிருக்கிறாள். சகோதரியாக வருகிறேன், மனைவியாக வர மாட்டேன் என்கிறாள். ஒருவனிடம் அறமில்லாத காதலை மறுத்தவள், இன்னொருவனிடம் காதலில்லாத அறத்தை மறுக்கிறாள். இவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்போது ஜேனின் உறுதி எவ்வளவு துல்லியமானது என்பது தெரியவரும்.

தமிழ் வாசகருக்கு இந்தச் சோதனை புதிதும் அன்று. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை, வான்வழிப் பயணமும் உருமாறும் மந்திரமும் அள்ள அள்ளக் குறையாத பாத்திரமும் நிறைந்த காப்பியம். இன்றைய கணக்கில் மிகுபுனைவு என்றே சொல்லத்தக்கது. தன்னை விரும்பித் தொடரும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பிப் பளிங்காலான பளிக்கறைக்குள் ஒளிந்த மணிமேகலை, தன்னை இழித்துப் பேசிய அவன் பின்னாலேயே தன் நெஞ்சம் செல்வதைத் தோழி சுதமதியிடம் மறைக்காமல் சொல்கிறாள். அந்த ஒப்புதலுக்குப் பிறகும் அவள் துறவுப் பாதையை விடுவதில்லை. பின்னர் அரசமாதேவி சிறையிட்டபோது, தான் பெற்ற மந்திரங்களைக் கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறாள். பிள்ளைப் பருவத்தில் பாடநூலில் அமுதசுரபியை மட்டும் படித்துவிட்டு விட்டவர்கள், இந்த நூலை வளர்ந்த பிறகு மீண்டும் எடுக்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன். மேலைநாட்டு மிகுபுனைவு நாயகியரைப் பற்றி நாம் இன்று கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு அதில் ஆழமான முன்னுதாரணம் இருக்கிறது. ஒரே வேறுபாடு, இங்கே கதை திருமணத்தில் முடியாமல் துறவில் முடிகிறது.

சட்டமும் பணமும்

நாயகி மறுக்கும் உலகில் நடைமுறையிலிருந்த சட்டம் தெரியாவிட்டால் அவளுடைய மறுப்பின் எடை தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி மணமான பெண்ணின் பணமும் ஊதியமும் கணவனுக்கே உரியவை. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அவளுடைய உழைப்பூதியத்தை அவளுக்கு உரியதாக்கியது. 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் சொத்தை முழுமையாக அவள் பெயரில் வைத்துக்கொள்ள வழி செய்தது. 'ஜேன் அயர்' இவ்விரண்டுக்கும் முன் எழுதப்பட்டது. ஜேனுக்கு இறுதியில் சிற்றப்பனிடமிருந்து 20,000 பவுன் வந்து சேர்வதும், அதை அவள் மூன்று உறவினரோடு சமமாகப் பங்கிட்டுத் தனக்கு 5,000 மட்டும் வைத்துக்கொள்வதும் கதைக்கு வசதியான தற்செயல் போலத் தோன்றலாம். ஆனால் ராச்செஸ்டரிடம் திரும்பும்போது அவள் யாரையும் சார்ந்து நிற்காதவளாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பிராண்டி அந்தப் பணத்தை அங்கே வைத்தார்.

மிகுபுனைவு நாவலில் இந்தச் சட்டங்களை ஆசிரியரே உருவாக்குகிறார். ஆகவே அங்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள்: இந்த உலகில் பெண் சொத்து வைத்திருக்க முடியுமா, தனியாகப் பயணம் செய்ய முடியுமா, மந்திரம் கற்க அவளுக்குக் கட்டணம் என்ன? விடையே இல்லாத நாவல்களும் உண்டு. அத்தகைய நாவலில் நாயகி எதை எதிர்த்தாலும் அது காற்றோடு போடும் சண்டையாகவே இருக்கும்.

ஆற்றல் எங்கிருந்து வந்தது

மிகுபுனைவு நாயகியிடம் நான் முதலில் பார்ப்பது அவளுக்கு ஆற்றல் கிடைத்த விதம். பிறவியிலேயே பேராற்றல் உள்ளவள் என்று ஒரு தீர்க்கதரிசனத்தில் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கும் நாவல்கள் மிகுதி. உழைத்துக் கற்றவளின் கதையில்தான் மனவுறுதி கண்ணுக்குத் தெரிகிறது. ராபின் மக்கின்லியின் 'தி ஹீரோ அண்ட் தி கிரவுன்' 1984இல் வெளியாகி, மறு ஆண்டு சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற நாவல். அதன் நாயகி ஏரின் மன்னனின் மகள். ஆனால் அரச குலத்தவர்க்கு இயல்பாக வரும் மாய ஆற்றல் அவளிடம் இல்லை என்றே எல்லோரும் நம்புகிறார்கள். நோயில் கிடந்து தேறிவரும் காலத்தில், தீ சுடாமல் காக்கும் களிம்பு ஒன்றின் குறிப்பை ஒரு பழைய நூலில் காண்கிறாள். சேர்மானங்களின் அளவு அதில் இல்லை. நீண்ட காலம் பொறுமையாக அளவுகளை மாற்றி மாற்றிச் சோதித்து அதைத் தயாரிக்கிறாள். தந்தையின் நொண்டிப் போர்க்குதிரையைத் தானே பழக்குகிறாள். அதன் பின்னரே டிராகன்களை எதிர்கொள்கிறாள். பெரிய டிராகனைக் கொன்ற பிறகும் மக்கின்லி வெற்றி விழாவோடு நிறுத்துவதில்லை. தீப்புண்ணும் நீங்காத சோர்வும் அவளை நெடுநாள் வாட்டுகின்றன. போருக்குப் பிந்தைய அந்தப் பக்கங்களை விரைந்து கடந்துவிடாதீர்கள்.

நவோமி நோவிக்கின் 'அப்ரூட்டட்' 2015இல் வெளிவந்து, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் நெபுலா விருது பெற்றது. போலந்து நாட்டுப்புறக் கதைகளின் மண்ணில் ஊன்றிய நாவல் அது. பத்தாண்டுக்கு ஒருமுறை ஊர்ப்பெண் ஒருத்தியைத் தன் கோபுரத்துக்கு அழைத்துச் செல்லும் மந்திரவாதி, எல்லோரும் எதிர்பார்த்த அழகியான காசியாவை விட்டுவிட்டு அவள் தோழி அக்னியெஷ்காவைத் தேர்ந்தெடுக்கிறான். அவனுடைய மந்திரம் இலக்கணம் பிசகாதது. அவளுடையதோ பாடிப் பாடி வழி கண்டுபிடிப்பது. அவன் பயனற்றது என்று ஒதுக்கிய நூலே அவளுக்கு வழிகாட்டியாகிறது. காட்டின் தீமை தீண்டிய தோழியைக் கொன்றுவிடுவதே வழி என்று அவன் தீர்ப்புச் சொல்லும்போது அவள் மறுக்கிறாள். அந்த மறுப்பிலிருந்தே இருவரும் சேர்ந்து செய்யும் பெரிய மந்திரம் பிறக்கிறது. இந்நாவலின் உண்மையான காதல், அக்னியெஷ்காவுக்கும் காசியாவுக்கும் இடையிலான நட்பு என்று நான் சொல்வேன். எந்த நாவலிலும் நாயகியைச் சுற்றியுள்ள மற்றப் பெண்களை எண்ணிப் பாருங்கள். உறுதியுள்ள பெண் அவள் ஒருத்திதான், மற்றவர் அனைவரும் பொறாமைக்காரிகள் அல்லது அசடுகள் என்றால், ஆசிரியர் மற்றப் பெண்களை மட்டம்தட்டியே நாயகியை உயர்த்தியிருக்கிறார்.

இந்த அளவுகோலில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மிக நன்றாகத் தேறுகிறது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த நாவலில் குந்தவையின் அரசியல் அறிவும், நந்தினியின் வஞ்சமும், கோடிக்கரையிலிருந்து தனியே கடலில் படகு செலுத்தும் பூங்குழலியின் சுதந்திரமும் மூன்று வெவ்வேறு உறுதிகள். ஒன்றை உயர்த்த மற்றொன்று தாழ்த்தப்படுவதில்லை.

மறுப்புக்குப் பின் யார் மாறுகிறார்

நாயகி மறுத்த பிறகு கதை அவளை என்ன செய்கிறது என்பதே என் இறுதிச் சோதனை. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மறுக்கப்பட்டவன் தன்னைத் திருத்திக்கொள்வது. டார்சி தன் கோபத்தை விழுங்கிக் கடிதம் எழுதுகிறான், நடத்தையை மாற்றிக்கொள்கிறான், அவளுடைய தங்கையின் மானத்தைத் தன் பணத்தால் காத்துவிட்டு அதை அவளிடம் சொல்லாமலும் இருக்கிறான். மற்றது, அவளுடைய உறுதியையே திமிர் என்று பெயரிட்டு, நிகழ்ச்சிகளால் அவளை உடைத்து, முடிவில் அவள் கண்ணீரோடு பணிவதைக் காதல் என்று காட்டுவது. நம் திரைப்படங்களிலும் தொடர்கதைகளிலும் இந்த இரண்டாவது வழி நெடுங்காலமாகக் கைதட்டல் பெற்றுவருகிறது. நாயகி முதல் பாதியில் எவ்வளவு சூடாகப் பேசினாலும், பேசியதற்குத் தண்டனையாகவே பின்பாதி அமைந்தால் அந்த நூல் அவளுடைய பக்கம் நிற்கவில்லை.

பழைய ஆங்கிலக் காதல் நாவல்களை வாசிப்போர்க்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. காத்லீன் வுடிவிஸ் 1972இல் வெளியிட்ட 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' பல லட்சம் பிரதிகள் விற்று, பின்வந்த வரலாற்றுக் காதல் நாவல்களுக்கு அச்சாக அமைந்தது. அதில் நாயகன் முதற்சந்திப்பிலேயே நாயகியை வன்புணர்கிறான். பின்னர் அவனே காதலனாகிறான். இத்தகைய நூல்களை ஒதுக்குவதும் வாசிப்பதும் அவரவர் முடிவு. வாசித்தால், அங்கே நாயகியின் மறுப்புக்கு மதிப்பே தரப்படவில்லை என்பதைத் தெளிவாகப் பெயரிட்டு வாசியுங்கள். காலம் அப்படி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட வேண்டாம், ஏனெனில் அதற்கு 159 ஆண்டுகள் முன்பே ஆஸ்டின் அந்த மதிப்பைத் தந்திருந்தார்.

இன்றைய ரொமான்டசி நாவல்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015இல் வந்தது. 'அழகியும் விலங்கனும்' என்று நாம் அறிந்த பிரெஞ்சுக் கதையின் சாயல் அதன் தொடக்கத்தில் உண்டு. போமோன் அம்மையார் 1756இல் எழுதிய வடிவில், விலங்கன் ஒவ்வோர் இரவும் என்னை மணப்பாயா என்று கேட்கிறான், அவள் ஒவ்வோர் இரவும் மறுக்கிறாள். அவன் அந்த மறுப்பை ஏற்று விலகிச் செல்வதே அவன்மேல் அவளுக்கு நம்பிக்கையை வளர்க்கிறது. மாஸின் முதல் நூலில் ஃபெய்ர் தன் காதலன் டாம்லினுக்காக உயிரையே பணயம் வைக்கிறாள். 2016இல் வந்த இரண்டாம் நூலில், காப்பதாகச் சொல்லிக்கொண்டு அவன் அவளை மாளிகைக்குள் அடைத்துவைக்கிறான். அவள் அவனை விட்டு நீங்குகிறாள். முதல் நூலில் இனித்த பாதுகாப்பு உணர்வை இரண்டாம் நூல் மறு விசாரணைக்கு உட்படுத்துகிறது. இந்தத் தொடரை முதல் நூலோடு நிறுத்தியவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. வெளிப்படையான பாலுறவுக் காட்சிகள் உள்ளதால் இது வளர்ந்தவர்களுக்கான தொடர் என்பதையும், அட்டையைப் பார்த்துச் சிறுவர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

கையில் எடுக்கும்போது

ஆங்கிலத்தில் வாசிக்கத் தயங்குவோர், மிகுபுனைவு நாவலில் வரும் புதிய பெயர்களை முதல் ஐம்பது பக்கங்களுக்கு மனப்பாடம் செய்ய முயல வேண்டாம்; ஒரு தாளில் பெயரும் உறவும் மட்டும் எழுதிக்கொண்டால் போதும். அகராதியை ஒவ்வொரு வரிக்கும் புரட்டினால் கதை அறுந்துபோகும். ஒரே சொல் மூன்றாவது முறை வந்து வழிமறித்தால் மட்டும் பாருங்கள். ஆஸ்டினின் நீண்ட வாக்கியங்களை வாய்விட்டு வாசித்தால் அவற்றின் நையாண்டி தானாகவே விளங்கும். ஆஸ்டின், பிராண்டி நூல்கள் காப்புரிமை நீங்கியவை என்பதால் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மணிமேகலையும் பொன்னியின் செல்வனும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் உள்ளன.

வீட்டுவேலைக்கிடையே நாவல் வாசிப்பதை யாரேனும் வீண்பொழுது என்று சொன்னால், ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வை நினைவில் கொள்ளுங்கள். அமெரிக்க ஊர் ஒன்றின் காதல் நாவல் வாசகியரிடம் அவர் உரையாடியபோது, நாள் முழுதும் பிறருக்காக உழைக்கும் தங்களுக்குப் புத்தகத்தைத் திறந்துவைக்கும் அந்த நேரம் மட்டுமே சொந்தமானது என்று அவர்கள் உணர்வது தெரியவந்தது. அந்த நேரத்தைக் கேட்டுப் பெறுவதும் உறுதியின் ஒரு செயலே.

புதிதாகத் தொடங்குவோர்க்கு நான் சொல்லும் வரிசை இது. காதல் நாவலில் பழகியவர் 'அப்ரூட்டட்' நாவலிலிருந்து மிகுபுனைவுக்குள் நுழையலாம், அது ஒரே நூலில் முடிந்துவிடுவதால் தொடருக்குக் காத்திருக்கும் தொல்லை இல்லை. மிகுபுனைவில் பழகியவர் 'ஜேன் அயர்' வழியாகக் காதல் நாவலுக்கு வரலாம். அதன் இருண்ட மாளிகையும் நள்ளிரவுச் சிரிப்பும் அவருக்கு அந்நியமாக இரா. பள்ளி மாணவிக்கு ஏரினின் கதை ஏற்றது. அர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' மிகுபுனைவு வரிசை நூல்களை இதற்குப் பின்னர் எடுங்கள். 1971இல் வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' நாவலில், குழந்தையாகவே கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டுப் பெயரும் பறிக்கப்பட்ட டெனார், நிலவறைக்குள் அகப்பட்ட மந்திரவாதி கெட்டைக் கொல்ல மறுத்து, அந்த மறுப்பின் வழியே தன் பெயரையும் விடுதலையையும் மீட்கிறாள். 1990இல் லெ குவின் அவளிடம் மீண்டும் திரும்பி 'டெஹானு'வை எழுதினார். அதில் டெனார் ஒரு குடியானவனின் நடுவயது விதவை. மந்திரக் கல்வி கிடைத்தும் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு வீட்டையும் வயலையும் தேர்ந்தவள். தீயில் எரிந்த குழந்தை ஒன்றை வளர்க்கிறாள். ஆற்றலை எல்லாம் இழந்து திரும்பும் கெட்டுக்கு இடம் தருகிறாள். வாளும் மந்திரமும் இல்லாத ஓர் உறுதியை இத்தனை விரிவாகப் பேசும் மிகுபுனைவு நாவல் வேறொன்றை நான் அறியேன். அதை மட்டும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். எர்த்சீ வரிசையின் முதல் மூன்று நூல்களையும் முடித்துவிட்டு, சில மாதங்களாவது இடைவெளி விட்டு, இளம் டெனாரை நீங்கள் கொஞ்சம் மறந்த பிறகு வாசியுங்கள்.